சிறைத் தீவுகள் – 17: கடலை மறைத்த வேலி

1760-களில் தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூவில் குடியேறியவர்கள் காய்ச்சலுக்குப் பயந்து, எதிரே கடலில் இருக்கும் ரோயால், சேன் ஜோசெஃப், சாத்தான் தீவு என்ற இந்த மூன்று தீவுகளுக்கு ஓடிவந்தது, 1852 முதல் பிரான்ஸ் இங்கே கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியது, எல்லாம் போன வாரம் பார்த்ததுதான். இந்த வாரம் சேன் ஜோசெஃப் தீவின் தனிமைச் சிறை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு வேலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ரோயால் தீவில் மரநிழலிலேயே நடந்து வடகரைக்கு வந்துவிடலாம். வழியில் அகூட்டி என்ற, வால் இருப்பதே தெரியாத கொறிணி ஒன்று, முன்னங்கால்களில் தேங்காய்ச் சில்லைப் பிடித்துக் கரகரவென்று கடித்துக்கொண்டிருந்தது. ஆள் வருவதை அது சட்டை செய்யவே இல்லை.

கரைக்கு எதிரே சாத்தான் தீவு. நடுவில் இருப்பது குறுகலான கடல்தான். ஆனால் நீரோட்டம் பாறைகளில் மோதிச் சுழித்து ஓடுகிறது. படகு அணைவது கடினம் என்பதால் அன்று இரு தீவுகளுக்கும் இடையே கம்பிவடம் கட்டி, அதில் தொங்கவிட்டுத்தான் சாமான்களை அனுப்பினார்கள். இன்றும் அங்கே இறங்க அனுமதியில்லை. தென்னைகளுக்கு நடுவே தெரியும் சின்னக் கல்வீட்டை இக்கரையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தத் தீவில்தான் ஆல்ஃபிரட் டிரைஃபஸ் 1895 ஏப்ரலிலிருந்து 1899 ஜூன் வரை அடைபட்டிருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் கேப்டன், யூதர். ஜெர்மனிக்கு ரகசியம் விற்றார் என்பது அவர்மேல் சுமத்திய பொய்க் குற்றச்சாட்டு. அவருக்காக, அங்கிருந்த தொழுநோய்க் கைதிகளை அப்புறப்படுத்தினார்கள். காவலர்கள் அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது.

ஊர் உலகம் தம்பியை மறந்துவிடுமோ என்று பாரிஸில் அண்ணன் மத்தியூவுக்குப் பயம். 1896 செப்டம்பரில், டிரைஃபஸ் தப்பிவிட்டார் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பொய்ச் செய்தி வரச் செய்தார். நினைத்தபடியே பத்திரிகைகள் மறுபடி அந்தப் பெயரைப் பேசின. ஆனால் காலனி அமைச்சர் அந்த்ரே லெபோன் அதற்குச் செய்த காரியத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இரவானால் டிரைஃபஸின் கணுக்கால்களைக் கட்டிலோடு சேர்த்து இரும்பில் பூட்ட உத்தரவு போட்டார். வாரக்கணக்கில், அந்த வெக்கையில், புரண்டு படுக்கக்கூட வழியில்லை. கூடவே அவர் இருந்த வீட்டைச் சுற்றி ஆளுயரத்தைத் தாண்டிய மரவேலி. அதோடு கடல் அவர் கண்ணிலிருந்து மறைந்தது.

தப்பாமல் தடுக்க அந்த நீரோட்டமும் சுறாக்களுமே போதும். வேலி அவர் கண்ணுக்குப் போட்டது. அண்ணன் பாசத்தில் செய்தது இப்படித் தம்பியின் காலில் விலங்காக விழுந்தது. அமைச்சரை எந்த விளக்கத்தாலும் மன்னிக்க முடியாது.

இந்தத் தீவுக்கூட்டம் என்றதும், இங்கே அடைபட்ட கைதி ஒருவரின் கதையாக ரா.கி.ரங்கராஜன் தமிழில் தந்த ‘பட்டாம்பூச்சி’ பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்குத் தனி வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

அடுத்த வாரம் சேன் ஜோசெஃப்: கூரைக்குப் பதில் இரும்புக் கம்பிகள் போட்டு, மேலே நடந்தபடி காவலர்கள் குனிந்து பார்த்த அறைகள். இப்போது அவற்றுக்குள் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன.

(தொடரும்)