கொலர் போட்டால் மட்டும் போதாது

திருகோணமலை நகரிலும் கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் கதவும் நிலையும் கதிரையும் செய்யும் தச்சுப் பட்டறைகளுக்கு வளைவு வேலை புதிதல்ல. ஷேப்பர் இயந்திரத்தில் வளைவு எடுக்க நேர்ச்சட்டம் உதவாது. அதைக் கழற்றிவிட்டுத் தண்டில் கொலர் வளையத்தை மாட்ட வேண்டும். மரமோ, அதன்மேல் பொருத்திய அச்சுப் பலகையோ வளையத்தில் உரசியபடி நகரும். 120 மில்லிமீற்றர் கட்டருக்கு 100 மில்லிமீற்றர் கொலர் என்றால் வெட்டு 10 மில்லிமீற்றருக்கு மேல் இறங்காது. கணக்கு பிசகாததால் “கொலர் இருக்கு, பயமில்லை” என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. ஆனால் கொலர் கட்டுப்படுத்துவது வெட்டின் ஆழத்தை மட்டுமே. கைக்கு அது காப்பு அல்ல.

ஆபத்து இருப்பது மரம் உள்ளே நுழையும் கணத்தில். நிமிடத்துக்கு 6000 சுற்றில் அந்தக் கட்டரின் முனை நொடிக்கு 37 மீற்றருக்கு மேல் பாய்கிறது. மரம் கொலரைத் தொடுமுன்பே அந்த முனை அதைத் தொட்டுவிடும். அப்போது மரத்துக்குப் பிடிமானம் வேறில்லை. மரம் பின்னால் எறிபடும், தள்ளிக்கொண்டிருந்த கை அதே வேகத்தில் கட்டர் பக்கம் போகும். மேசையில் நட்ட தாங்குமுளையில் மரத்தை முதலில் சாய்த்து, சுழற்சிக்கு எதிராக மெல்லத் திருப்பிக் கொலரில் சேர்ப்பது இதற்காகத்தான். அச்சுப் பலகையை மரத்தைவிடச் சற்று நீட்டி வைத்தால் பலகை முதலில் கொலரில் படியும். சிறு துண்டைக் கைப்பிடியுள்ள சட்டத்தில் இறுக்கியே கொடுக்க வேண்டும்; கட்டரின்மேல் காப்பு வளையம் இருக்க வேண்டும். பெயாரிங் கொலரானால் மின்சாரத்தை நிறுத்திக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிசினும் தூளும் ஏறிக் கரகரத்தால் மாற்றிவிடுங்கள்.

கைபழகிய ஓடாவிக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். மரத்துக்குள் மறைந்த கணுவுக்கு அனுபவம் தெரியாது. சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது என்பது இன்னொரு வாதம். தாங்குமுளை ஓர் இரும்புக் கம்பிதான். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பிடும் பொறுப்பைப் பட்டறை நடத்துபவர்மீதே வைக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையின்போது வேலை காரணமாக நேர்ந்த காயத்துக்கு முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கலாம். ஆனால் அதில் ஒரு முள் உண்டு. கொடுக்கப்பட்ட காப்பைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றியதால் விபத்து என்று காட்டினால், மரணம் நேராத காயங்களில் கோரிக்கை அடிபடக்கூடும். வேலை ஓடட்டும் என்று காப்பைக் கழற்றுகிறவர் தன் கையோடு தன் வழக்கையும் பணயம் வைக்கிறார். காப்பே தராத இடத்தில் முதலாளி அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.

காயம் பட்டால் ஆஸ்பத்திரியில் “வேலையில் நடந்தது” என்று சொல்லிப் பதிய வையுங்கள். இயந்திரத்தை மாற்றியமைக்குமுன் படம் எடுத்து வையுங்கள். பிறகு தொழில் அலுவலகத்தில் முறையிட்டு, நட்டஈட்டு ஆணையாளருக்குத் தாமதமின்றி விண்ணப்பியுங்கள்.