இருநூறு மீற்றர், எங்கிருந்து? ஜீ.ஐ.எஸ். பட்டமேற்படிப்புப் பற்றி ஒரு தமிழாசிரியனின் குறிப்பு

சென்ற நோன்புக்குச் சில வாரங்கள் முந்தி, ஓர் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊரவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் ஏ.எல். வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். புவியியலில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு, புவியியல் தகவல் முறைமை என்ற துறையில் முதுவிஞ்ஞானமாணி செய்யப் போகிறேன் என்று நிற்கிறாளாம்.

"சேர், இது என்ன படிப்பு? படம் கீறுற படிப்பா? சேவையருக்குப் படிக்கிறெண்டா தியத்தலாவைக்குத்தானே போகணும்? இவ ஆர்ட்ஸ் படிச்ச புள்ள."

"எனக்கும் சரியாத் தெரியா காக்கா. புள்ளக்கிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றன்" என்றேன்.

மறுநாள் தம்பியையும் கூட்டிக்கொண்டு மடிக்கணினியோடு அவள் வந்தாள். நாலைந்து பின்னேரங்கள் நான் மாணவன், அவள் ஆசிரியை. அதில் எனக்கு விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பல பெற்றோருக்கு இதே கேள்வி இருக்கிறது.

ஜீ.ஐ.எஸ். என்றால் படம் கீறும் மென்பொருள் என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆனால் அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு வீதிக்கும், வீட்டுக்கும், கிணற்றுக்கும் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. கிணற்றைத் தொட்டால் அதன் ஆழம் என்ன, நீர் உவரா, யாருடைய வளவில் இருக்கிறது என்பதெல்லாம் வரும். கிணறுகள் ஒரு படை. மலசலகூடக் குழிகள் இன்னொரு படை. ஒன்றன் மேல் ஒன்றை வைத்து, குழியிலிருந்து 15 மீற்றருக்குள் இருக்கும் கிணறுகள் எவை என்று கேட்கலாம். 1854இல் இலண்டனில் ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் வாந்திபேதி மரணங்களை வீதிப் படத்தில் குறித்துக் காட்டி, புரோட் வீதிக் கைப்பம்பியின் நீரே காரணம் என்று வாதிட்டதும் இதே வகை யோசனைதான். 1960களில் கனடாவின் நிலவளத்தைக் கணக்கெடுப்பதற்காக ரோஜர் டொம்லின்சன் அதைக் கணினிக்குள் கொண்டுவந்தார்.

அவள் எனக்குக் காட்டிய முதற் கட்டளையின் பெயரைக் கேட்டதும் திக்கென்றது. 'பஃபர்.' ஒரு கோட்டைத் தெரிவுசெய்து 200 என்று அடித்தாள். ஒரு செக்கனில் கரை நெடுகிலும் ஒரு பட்டை விழுந்தது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தச் சொல்லை அறியாத குடும்பம் எங்கள் கரையில் இல்லை. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். சாய்ந்தமருது, மாளிகைக்காடு, மருதமுனை எப்படிப்பட்ட ஊர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் வளவோடு வளவு ஒட்டிய வீடுகள். முன்னால் 200 மீற்றரை விட்டுக் கொடுத்தால் பின்னால் போவதற்கு இடமில்லை. அந்த வரம்பு பிறகு தளர்த்தப்பட்டது உண்மைதான். அதற்கிடையில் தகரக் கொட்டில்களில் எத்தனை பிள்ளைகள் ஓ.எல். எழுதினார்கள் என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவன் நான்.

"இருநூறு மீற்றர், எங்கிருந்து சேர்?" என்று அவள் கேட்டாள்.

"கடலிலிருந்துதான்" என்றேன்.

கடல் எங்கே முடிகிறது? வற்றும்போது நிற்கும் இடத்திலா, பெருகும்போது நிற்கும் இடத்திலா? சட்டத்தின் மொழியில் அது சராசரி உயர்நீர்க் கோடு. அந்தக் கோட்டை மணலில் யாரும் கீறி வைக்கவில்லை. படத்திலிருந்து எடுக்கலாம் என்றால், 1:50,000 அளவுத்திட்டப் படத்தில் 1 மில்லிமீற்றர் என்பது தரையில் 50 மீற்றர். பேனையால் கீறிய அரை மில்லிமீற்றர்க் கோட்டின் தடிப்பே 25 மீற்றர். ஒரு குடும்பத்தின் வீடும் கிணறும் முருங்கை மரமும் அந்தத் தடிப்புக்குள் போய்விடும். கரைக்கோடு எந்தப் படத்திலிருந்து வந்தது, அது எந்த ஆண்டுப் படம், எத்தனை மீற்றர் பிழை இருக்கலாம், அந்தப் பிழை முடிவில் எப்படிப் பெருகும் என்பதெல்லாம்தான் பட்டமேற்படிப்பில் வருகிறது. பஃபர் போட ஒரு பின்னேரத்தில் யாரும் பழகிவிடலாம்.

முதற் பாடங்களில் ஒன்று எறியமும் ஆள்கூறும். உருண்டையைத் தட்டையாக்கினால் திசையோ, தூரமோ, பரப்போ ஏதோ ஒன்று கெடும். மேர்கேற்றர் எறியத்தில் அமைந்த உலகப்படத்தில் கொழும்பிலிருந்து மக்காவுக்கு நேர்கோடு கீறினால், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 290 பாகையளவில் வரும். உருண்டையின் மேல் கணக்கிட்டால் 295க்குக் கிட்ட வரும். கஸ்னா நகரின் கிப்லாவைச் சரியாக அறிவதற்காக அல்பிரூனி ஊர்களின் அகலாங்கு நெட்டாங்குகளைத் தேடி ஒரு நூலே எழுதினார். அதை இஸ்லாமியப் பண்பாட்டின் பெருமையாக மேடையில் பேசியிருக்கிறேனே தவிர, அது ஒரு கணக்கு என்று நினைத்துப் பார்த்ததில்லை.

நம் நாட்டு எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. இலங்கையின் ஆள்கூற்று முறை பீதுருதாலகால மலையை மையமாகக் கொண்டது. பழைய முறையில் அந்த மையத்தின் எண் இரு பக்கமும் 200,000 மீற்றர். 1999இன் புதிய முறையில் 500,000. பழைய எண்ணைப் புதியதென்று நினைத்துக் கொடுத்தால், கல்முனை 300 கிலோமீற்றர் தெற்கேயும் 300 கிலோமீற்றர் மேற்கேயும் நகர்ந்து நடுச் சமுத்திரத்தில் போய் விழும். இது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற பிழை. ஜீ.பீ.எஸ். தரும் எண்களைப் பழைய அடித்தளத்து எண்களோடு திருத்தாமல் கலந்தால் வருவது நூறு மீற்றரைத் தாண்டும் பிழை. சிறிய படத்தில் அது கண்ணில் படாது. எல்லை மட்டும் நகர்ந்திருக்கும்.

செய்மதிப் படத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2008இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் லான்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றருக்கு 30 மீற்றர். நமது கணக்கில் 35 பேர்ச்சுக்குச் சற்று அதிகம். சென்டினல்-2 படத்தில் 10 மீற்றருக்கு 10 மீற்றர், ஏறக்குறைய 4 பேர்ச். வயலையும் காட்டையும் பார்க்க இவை போதும். ஆறு பேர்ச் வளவைக் குமருக்கொரு வீடு என்று பிரித்துக் கட்டும் நமது ஊர்களில், லான்ட்சாட்டின் ஒரு புள்ளிக்குள் ஏழெட்டுக் குடும்பங்கள் இருக்கும். ஆகவே கரையில் எத்தனை வீடு என்பதை மேலிருந்து சொல்கிற எவரிடமும் புள்ளியின் அளவைக் கேட்க வேண்டும்.

இந்தச் சஞ்சிகையின் ஆய்வாளர்களுக்கும் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு பிரதேச செயலகப் பிரிவை முழுவதும் ஒரே நிறத்தால் நிரப்பி, சதுர கிலோமீற்றருக்கு இத்தனை பேர் என்று எழுதுகிறோம். பிரிவின் பெரும்பகுதி வயலும் களப்புமாக இருந்தால் அந்தச் சராசரி யாருடைய நெருக்கடியையும் சொல்லாது. கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்துக்கு இறங்கினால் வேறொரு படம் வரும். எல்லைகளை மாற்றிப் போட்டால் இன்னொன்று. ஊர் மலரொன்றில் நானே இந்தப் பிழையைச் செய்து பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

இனி வாப்பாவின் கேள்விக்கு வருவோம். இது சேவையர் படிப்பல்ல. அதற்குத் தியத்தலாவை நிறுவகமும் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் பீடமும் இருக்கின்றன. சேவையர் ஒரு காணியின் எல்லையை அளந்து நிறுவுகிறார். இவர்கள் பல்லாயிரம் அளவைகளைச் சேர்த்து வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். பேராதனையில் பட்டமேற்படிப்பாக இதைப் படிக்க முடியும். கலைப்பிரிவில் புவியியல் படித்தவர்கள் இத்துறைக்குள் போவது உலகெங்கும் சாதாரணம். ஆனால் புள்ளிவிபரவியல் கடிக்கும்; பைதன் என்ற கணினி மொழியையும் கொஞ்சம் எழுத வேண்டிவரும்; வாசிப்பதெல்லாம் ஆங்கிலத்தில். இதை மறைத்துப் பிள்ளையை அனுப்பக்கூடாது. மென்பொருளுக்குக் காசு தேவையில்லை, கியூ.ஜீ.ஐ.எஸ். இலவசம். என் வீட்டு மேசையில் அவள் ஓட்டிக் காட்டியதும் அதுதான்.

ஆர்ட்ஸ் பிள்ளையிடம் இருக்கிற ஒன்று மற்றவர்களிடம் இலகுவில் கிடைக்காது. அவளுக்கு உறுதி வாசிக்கத் தெரியும். 'வடக்கு: இன்னாரின் வளவு, மேற்கு: ஒழுங்கை' என்று சொல்லால் எழுதிய எல்லையைப் படத்தில் எங்கே வைப்பதென்பதை ஊர்க் கிழவிகளிடம் கேட்டறிய அவளால் முடியும். அவள் ஆய்வுக்கு யோசித்திருப்பதும் அதுதான். பழைய உறுதிகளையும் வயதானவர்களின் ஞாபகத்தையும் பழைய படங்களையும் வைத்து, 2004க்கு முந்திய கரைக்கோட்டைத் தேடுவது.

இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் நிறைய நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட உம்மாட உறுதியில கிழக்கெல்ல 'கடல்' எண்டுதான் சேர் கிடக்கு. அந்த வீட்டத்தான் திரும்பக் கட்ட விடல்ல" என்றார். எழும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு, வகுப்பு சனி ஞாயிறிலா, பதிவுக் கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா என்று மகளிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.