ஒயில் கொடுக்க முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பதுளை வீதி வந்து மட்டக்களப்பு - திருகோணமலை வீதியோடு சேரும் சந்தி செங்கலடி. கரடியனாறு, உறுகாமம் பக்கத்து விவசாயிகளும் களுவன்கேணிக் கடற்றொழிலாளர்களும் சாமான் வாங்க வந்து போகும் இடம். இவர்களுடைய பிழைப்பு இன்று சின்ன எஞ்சின்களில்தான் ஓடுகிறது. வயலுக்கு வோட்டர் பம்ப், உழவுக்கு லான்ட்மாஸ்டர், தோணிக்கு வெளியிணைப்பு இயந்திரம், தோட்டம் துரவுக்குப் புல் வெட்டும் மெசின்.

கடைக்கு வருபவர் "காக்கா, ஒரு போத்தல் ஒயில் தாங்க" என்றுதான் கேட்பார். எந்த எஞ்சினுக்கு என்று சொல்வதில்லை. பல கடைகளில் அதைக் கேட்பதுமில்லை. கைக்கு எட்டிய போத்தல் போய்விடும். சில நூறு ரூபா வியாபாரம் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பல்லாயிரம் ரூபா பெறுமதியான எஞ்சினின் ஆயுளும் அதே மேசையில்தான் தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே போத்தலை எடுக்க முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

முதற் கேள்வி: ஒயில் கலந்து ஓடுவதா, தனியே ஊற்றுவதா?

பெற்றோலோடு ஒயிலைக் கலந்து ஓடுவது டூ ஸ்ட்ரோக். ஒயிலுக்குத் தனியிடம் இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். புல் வெட்டும் மெசினில் இரண்டு வகையும் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. உதாரணமாக, ஹொண்டா ஜி.எக்ஸ். 35 ஃபோர் ஸ்ட்ரோக் வகை. அதற்குள் கொள்ளும் ஒயில் வெறும் 100 மில்லிலீற்றர்தான். அதன் டாங்கியில் கலவையை ஊற்றினால் புகை தள்ளும், பிளக் கறுக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினை வெறும் பெற்றோலில் ஓட்டினாலோ சில நிமிடங்களிலேயே பிஸ்டன் இறுகிவிடும்.

கலவைக் கணக்கையும் வாய்ப்பாடு போல வைத்துக்கொள்ள வேண்டும். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர். ஐந்து லீற்றர் கானுக்கு 100. 25க்கு 1 என்றால் அதே கானுக்கு 200. எந்தக் கணக்கு என்பதை எஞ்சினோடு வரும் புத்தகம் சொல்லும். "கொஞ்சம் கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது" என்ற எண்ணம் பிழையானது. கூடினால் கரி பிடிக்கும், குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். போத்தலோடு ஓர் அளவுக் குவளையையும் சேர்த்து விற்றால் அது வாடிக்கையாளருக்குச் செய்யும் உதவி.

இரண்டாவது கேள்வி: காற்றில் குளிர்வதா, தண்ணீரில் குளிர்வதா, டீசலா?

தோணி எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்கிறது. அதற்குரிய 2டி ஒயில் போத்தலில் டி.சி.-டபிள்யூ. 3 என்று இருக்கும். புல் வெட்டும் மெசினும் மரம் அரியும் வாளும் காற்றில் குளிர்பவை; சூடு அதிகம். அவற்றுக்கு ஜப்பானியத் தரமான ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. பொருந்தும். இரண்டும் 2டி என்ற பெயரில் வந்தாலும் ஒன்றுக்கு மற்றது மாற்றல்ல. மண்ணெண்ணெயில் ஓடும் தோணி எஞ்சினுக்குக் கலவைக் கணக்கும் வேறுபடலாம். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது கடற்றொழிலாளர் பட்ட பாட்டை நாமறிவோம். எரிபொருளுக்கே அவ்வளவு கொடுப்பவரின் எஞ்சினும் பழுதானால் அவர் எப்படி எழும்புவார்?

லான்ட்மாஸ்டர் டீசல் எஞ்சின். டீசல் எரியும்போது புகைக்கரி ஒயிலில் சேரும். அதைத் தாங்கும் மருந்துகள் டீசல் ஒயிலில் உண்டு. போத்தலில் ஏ.பி.ஐ. என்பதற்குப் பக்கத்தில் எஸ் என்று தொடங்கும் எழுத்துகள் பெற்றோலுக்கு, சி என்று தொடங்குபவை டீசலுக்கு. இந்த ஒரு எழுத்தைப் பார்க்கப் பழகினாலே பாதிப் பிழை தவிரும்.

மூன்றாவது கேள்வி: நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது?

நமது பகுதியில் பெரும் நட்டம் வருவது இந்த இடத்தில்தான். ஹொண்டா ஜி.எக்ஸ். 160 போன்ற பம்ப் எஞ்சினுக்கு ஏறக்குறைய 0.6 லீற்றர் ஒயில். பிசுக்குமை எஸ்.ஏ.ஈ. 10டபிள்யூ-30, நமது வெப்பத்துக்கு எஸ்.ஏ.ஈ. 30உம் பொருந்தும். புது எஞ்சினில் முதலாவது மாற்றம் 20 மணித்தியாலத்தில் அல்லது ஒரு மாதத்தில். அதன் பின் 100 மணித்தியாலம் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது.

விவசாயி ஆறு மாதம் என்பதை மட்டும் நினைவில் வைக்கிறார். சிறுபோகத்தில் தண்ணீர் இறைக்கும்போது பம்ப் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் 13 நாளில் 100 மணித்தியாலம் தாண்டிவிடும். இந்த எஞ்சினில் ஒயில் பம்பும் இல்லை, ஒயில் ஃபில்டரும் இல்லை. உள்ளே ஒரு கரண்டி ஒயிலை அள்ளித் தெறிக்கிறது, அவ்வளவுதான். அழுக்கு முழுவதும் அந்த 0.6 லீற்றரிலேயே சுற்றும். வரம்பில் சாய்வாக வைத்து ஓட்டினால் கரண்டிக்கு ஒயில் எட்டாமலும் போகலாம். சமதரையில் வைத்து அளவு பார்க்கும்படி சொல்லிக் கொடுங்கள்.

கடைக்கு என்ன இலாபம்?

எல்லா வகையையும் அடுக்கத் தேவையில்லை. காற்றுக் குளிர்ச்சிக்கு ஒரு 2டி, தோணிக்கு ஒரு 2டி, பெற்றோல் எஞ்சினுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று. நான்கு வகை போதும். 2008இல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டி இறக்குமதி நின்ற பின் 2டி தேவையில்லை என்று நினைத்தவர்கள் வயலையும் வாவியையும் மறந்துவிட்டார்கள்.

கழித்த ஒயிலை வடித்து, பழைய போத்தலில் அடைத்து வருபவர்கள் மலிவு காட்டுவார்கள். சீல் இல்லாத போத்தலையும் ஊர் பேர் தெரியாத பரலையும் வாங்காதீர்கள். வெறும் போத்தல்களை ஓட்டை போட்டே வெளியே கொடுங்கள். கழித்த ஒயிலை வாய்க்காலில் ஊற்ற விடாதீர்கள். அது கடைசியில் வாவிக்குத்தான் போகும்.

வாடிக்கையாளர் பெயர் தெரியாமல் கேட்கும் பொருளில் அவர் நம்புவது நம்முடைய சொல்லை மட்டுமே. அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். மூன்று கேள்விக்கு ஒரு நிமிடம் செல்லும். போகம் முழுக்க நிற்காமல் ஓடிய பம்புக்காரர் அடுத்த போகத்துக்கும் அதே கடைப் படியைத்தான் ஏறுவார்.