எல்லாம் சரியாகிவிடாத கதைகள்: விசுவாசத்தோடு ஒரு படத்தைப் பார்ப்பது எப்படி?

கடந்த தவக்காலத்தில் எங்கள் பங்கு மண்டபத்தில் ஒரு கருத்தமர்வு நடத்தித் தருமாறு பங்குத்தந்தை கேட்டிருந்தார். ‘கிறிஸ்தவர்கள் சினிமாவை எப்படிப் பார்ப்பது’ என்பது தலைப்பு. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவர் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்தப் படத்தைப் பார்க்கலாம், எதைப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது என்ற பட்டியலை எதிர்பார்த்தே பலரும் வந்திருந்தார்கள். நானும் நம்பிக்கை தரும் சில படங்களிலிருந்து காட்சிகளைத் தெரிவு செய்து கொண்டுபோயிருந்தேன்.

முடிவில், பின்வரிசையிலிருந்த ஓர் அம்மா எழுந்தார். 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் மகனை இராணுவத்திடம் கையளித்தவர்.

“பிள்ளை, நீங்கள் காட்டின படத்திலயெல்லாம் கடைசியில எல்லாம் சரியா வருது. சரியா வராத ஆக்கள் என்னத்தைப் பாக்கிறது?”

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து நான் தேடிப் பார்த்தவற்றையும் வாசித்தவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கலைகளைத் திருச்சபை அணுகிய வழிகளில் மிகவும் பழகிப்போனது தடை. 16ஆம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபை தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலொன்றை வைத்திருந்தது. 1966இல்தான் அது நடைமுறையிலிருந்து நீங்கியது. இன்னொரு வழி, அடையாளம் தேடுவது. கதாநாயகன் கைகளை விரித்து நின்றால் சிலுவை, தண்ணீரில் மூழ்கி எழுந்தால் திருமுழுக்கு என்று கண்டுபிடிப்பது. பல்கலைக்கழகத்தில் நானும் அப்படிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால், அந்த அம்மாவின் கேள்விக்கு இந்த இரண்டு வழிகளிலும் பதில் இல்லை.

விவிலியத்தில் இருக்கிறது. 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அவற்றில் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கினாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88ஆம் பாடல் திரும்புவதில்லை. அது இருளிலேயே முடிகிறது. எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்த அழிவைப் பாடும் ‘புலம்பல்’ என்ற நூலும், கடவுள் எங்களை அடியோடு தள்ளிவிட்டாரோ என்ற ஐயத்தோடுதான் முடிகிறது. இவற்றைத் தொகுத்தவர்கள் ஆறுதலான ஒரு முடிவை ஒட்டிவைக்கவில்லை. சரியாகாத கதையையும் வேதமாக ஏற்று, வழிபாட்டில் வாசிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு படத்தின் முன்னாலும் பாடலின் முன்னாலும் விசுவாசி கேட்கவேண்டிய முதல் கேள்வி வேறு. இது துன்பத்தை உள்ளபடி பார்க்கிறதா, இல்லை அவசரமாகக் கடந்துபோகிறதா?

தடைப் பட்டியல் நீங்கிய அதே 1966இல், ஜப்பானிய கத்தோலிக்க எழுத்தாளர் சூசாக்கு எண்டோவின் ‘மௌனம்’ நாவல் வெளியானது. 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கிறிஸ்துவின் உருவம் பதித்த பலகையைக் காலால் மிதித்துக் காட்டுபவர் தப்பலாம். மறுப்பவருக்குச் சித்திரவதை. விசுவாசத்தை மறுதலித்ததாகச் சொல்லப்படும் தன் ஆசிரியரைத் தேடி வரும் றொட்ரிகஸ் என்ற போர்த்துக்கேய குருவானவர் பிடிபடுகிறார். சிறையில் இரவெல்லாம் அவருக்கு ஒரு சத்தம் கேட்கிறது. காவலாளியின் குறட்டை என்று நினைக்கிறார். அது குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டவர்களின் முனகல். அவர் மிதித்தால் மட்டுமே அவர்கள் விடுவிக்கப்படுவார்கள். அவர் மிதிக்கிறார். நாவலுக்கு ஜப்பானியக் கத்தோலிக்கர் சிலரிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. மார்ட்டின் ஸ்கோர்செசி 2016இல் இதை ‘சைலன்ஸ்’ என்ற படமாக்கினார். எப்போது அழவேண்டும் என்று நமக்குச் சொல்லித்தரும் பின்னணி இசை அதில் ஏறக்குறைய இல்லை. கடலும் பூச்சிகளின் இரைச்சலும்தான்.

இரண்டாவது அமர்வில் அந்தப் படத்தின் சில பகுதிகளைக் காட்டினேன். பேச்சு குருவானவரைப் பற்றி எழவேயில்லை. கிச்சிஜிரோ என்ற பாத்திரத்தைப் பற்றித்தான் எழுந்தது. குடும்பமே மறுத்து உயிர்விட்டபோது மிதித்துத் தப்பியவன் அவன். பிறகு குருவானவரைக் காட்டிக்கொடுத்தவனும் அவன்தான். ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டு பாவசங்கீர்த்தனம் கேட்டுத் திரும்பி வருகிறான்.

“தலையாட்டி” என்றார் ஒருவர்.

மண்டபம் அமைதியானது. சுற்றிவளைப்புகளில் முகமூடிக்குள்ளிருந்து தலையசைத்தவர்களால் ஆட்களை இழந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. சற்று நேரத்தின் பின் ஒரு முதியவர், “அவங்களையும் அடிச்சுத்தானே செய்விச்சவங்கள்” என்றார். யாரும் ஆமோதிக்கவில்லை, மறுக்கவுமில்லை. ஆனால், பத்து வருடங்களுக்கு மேலாக அந்த மண்டபத்தில் நடந்த எத்தனையோ நல்லிணக்கக் கூட்டங்களில் அந்தச் சொல் எழுந்து நான் கேட்டதில்லை. மன்னித்து மறந்துவிடுங்கள் என்று அந்தப் படம் யாருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் அதைச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்து ஓர் இசையைப் போட்டேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் 1940இல் ஜேர்மன் படைகளிடம் போர்க்கைதியானவர். கத்தோலிக்கர். முகாமில் ஒரு வயலின், ஒரு கிளாரினட், ஒரு செலோ, ஒரு பியானோ. இருந்த கலைஞர்களுக்கும் கருவிகளுக்கும் ஏற்றபடி அவர் எழுதிய ‘காலத்தின் முடிவுக்கான நால்வரிசை’, 1941 ஜனவரி 15ஆம் திகதி, கடும் குளிரில், கைதிகளுக்கும் காவலர்களுக்கும் முன்னால் அந்த முகாமிலேயே வாசிக்கப்பட்டது. இனிக் காலம் இராது என்று வானதூதர் அறிவிக்கும் திருவெளிப்பாட்டின் 10ஆம் அதிகாரமே அதன் ஊற்று. எட்டுப் பகுதிகளில் மூன்றாவதில் கிளாரினட் மட்டும் தனியாக ஒலிக்கிறது. தாளக் கட்டு இல்லை. ஒரே சுரம் மெல்ல எழுந்து, வீங்கி, நின்றுவிடுகிறது.

இளைஞர்கள் சிலர் நெளிந்தார்கள். அந்த அம்மா மட்டும் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எங்கட வியாகுலப் பிரசங்கமும் இப்பிடித்தானே நிண்டு நிண்டு இழுபடும்” என்றார்.

எனக்குத் தோன்றாதது அது. தவக்காலத்தில் நமது ஆலயங்களில் இராகமிழுத்து வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கத்தை எழுதியவர் கோவாவில் 1676இல் பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதியவர். ஆக, எண்டோ எழுதிய ஜப்பானைப் போலவே இங்கும் ஒளிந்து வாழ்ந்த ஒரு திருச்சபை இருந்தது. அந்தத் திருச்சபையின் மொழி வழியாகத்தான், மகனை இழந்த மரியாளின் துயரத்தை நம் அம்மாமார் மூன்று நூற்றாண்டுகளாகத் தங்கள் வாயால் சொல்லி வருகிறார்கள்.

கடைசியில் இளைஞர்கள் பட்டியல் கேட்டார்கள். பட்டியலுக்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கொடுத்தேன். இந்தக் கதையில் யாருடைய அழுகை கேட்கிறது, யாருடையது குறட்டை என்று ஒதுக்கப்படுகிறது? தோற்றவனுக்கும் காட்டிக்கொடுத்தவனுக்கும் இதில் ஒரு முகம் இருக்கிறதா? பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவிலுள்ள அந்தச் சனிக்கிழமைக்கு இது இடம் விடுகிறதா? தமிழ்ச் சினிமாவுக்கும் இவை பொருந்தும். வேதக் கதையைப் படமாக்கியவர்களுக்கும் பொருந்தும்.

காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த அம்மாவும் அந்தப் பந்தலில் இருந்தவர். அவருடைய மகனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவர் கேட்டதற்கு நான் முழுப் பதில் சொல்லிவிட்டதாக நினைக்கவில்லை. அடுத்த தவக்காலத்தில் தானே வியாகுலப் பிரசங்கம் வாசிப்பதாகவும், அதை இளைஞர்கள் ஒலிப்பதிவு செய்யவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவுக் கருவியை நான் கொண்டுபோக வேண்டும்.