கடலடியில் ஒரு கல்லறை

மட்டக்களப்பு என்றதும் பாடும் மீனை நினைப்போர் பலர்; அக்கரைக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் ‘ஹேர்மிஸ்’ கப்பலை நினைப்போர் சிலரே. அதனை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

1942 ஏப்ரல் 9ஆம் நாள், திருகோணமலைத் துறைமுகத்தை நீங்கியிருந்த அப்பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலில் விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி அது மூழ்கிற்று. 307 பேர் மாண்டனர்.

இன்று அது 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு எல்லை பொதுவாக 40 மீற்றரே. அத்தகைய ஆழத்தில், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் மதுவைப்போல் மதியை மயக்கும். விரைந்து மேலெழுந்தாலோ, அதுவே குருதியிற் குமிழியாகி உயிருக்கு உலைவைக்கும். ஆகவே தனிப்பயிற்சி பெற்றோரே அங்கு இறங்குதல் தகும்.

உருக்கின்மேல் முருகை படர்கிறது. பீரங்கிகளினிடையே மீன்கள் திரிகின்றன. அழித்தற்கெனச் செய்த கலத்தைக் கடல் உயிர்களின் உறைவிடமாக்கிவிட்டது. எனினும், அஃது இறந்தோர் துயிலும் இடம் என்பதை நாம் மறத்தலாகாது. நினைவுப்பொருளென்று ஓர் ஆணியைக் கழற்றி வருவதும் கல்லறையைத் தோண்டுவதே என்பேன். காண்க, கவரற்க.