ஐப்பசி மழைக்கு முன் வீட்டுத் தோட்டம்

ஆடியில் போட்ட கத்தரி, மிளகாய்ச் செடிகள் ஐப்பசி மழையில் அழுகினால் காய்க்கு மறுபடியும் நம்ம கைக்காசுதான். தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, செடி வாடும். வாடுதேன்னு மேலும் தண்ணீர் ஊத்தாதீங்க!

மழைக்கு முன்பே பாத்தியை அரை அடி உயர்த்தி, வடிகால் எடுப்போம். மண்ணைத் தொடும் இலைகளைக் கிள்ளிடுவோம்.

மழை விட்டதும் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்க. அசுவினி இருந்தால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து வடிகட்டணும். கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கணும். கடை மருந்து வேண்டாம். நம்ம பிள்ளைங்க சாப்பிடுற காய் இது.

அடுத்த குழுக் கூட்டத்தில் யார் யார் வடிகால் எடுத்தாச்சுன்னு கேட்போம்!