திரை கறுத்தால் ஃபார்மட் போடாதீர்கள்

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15-இல். அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கம் எத்தனையோ வீட்டுப் பரண்களில் அவை இன்றும் கிடக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளமும் ஏற்றியே கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இந்தப் பழைய மெஷின்கள் தாங்காது. ஆகவே லினக்ஸின் வேறு வகைகளான உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ பென்டிரைவில் ஏற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். இன்ஸ்டால் ஒழுங்காக முடியும். ரீஸ்டார்ட் ஆகும், கம்பெனி லோகோ வரும், அப்புறம் திரை கறுப்பு. ஃபேன் சுற்றும், கேப்ஸ் லாக்கைத் தட்டினால் அதன் விளக்கு எரியும், படம் மட்டும் வராது. 'டிஸ்ப்ளே போச்சு' என்று ஒருவர் சொல்வார், 'லினக்ஸே இப்படித்தான்' என்பார் இன்னொருவர். லோகோ தெளிவாக வந்ததென்றால் டிஸ்ப்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது.

லோகோவைக் காட்டுவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபெர்ம்வேர். அதன்பின் 'கிரப்' என்ற சிறு புரோகிராம் லினக்ஸின் மையமான கெர்னலை மெமரியில் ஏற்றுகிறது. கெர்னல் வந்ததும் கிராபிக்ஸ் சிப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ரெசல்யூஷன் முதலியவற்றைப் புதிதாக அமைக்கும். முன்பெல்லாம் இது தனியொரு புரோகிராமின் வேலை. 2009-இல் வந்த 2.6.29 பதிப்பில்தான் இன்டெல் சிப்களுக்கு இந்த வேலை கெர்னலுக்குள் வந்தது. இந்தக் கைமாற்றத்தில் சிப்பை இயக்கும் டிரைவர் தடுமாறினால் திரை இருண்டுவிடும், உள்ளே கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஃபார்மட் போட்டு மறுபடி ஏற்றினாலும் அதே டிரைவர்தான் வரப்போகிறது. போவது ஹார்டு டிஸ்கில் இருந்த போட்டோக்களும் சான்றிதழ் நகல்களும்தான்.

முதலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ ஐகானோ தெரிந்தால் படம் வந்துவிட்டது, பின்னொளிதான் இல்லை. எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதற்கு ஒளி தருவது உள்ளே வரிசையாக இருக்கும் எல்இடிகள். பிரைட்னஸ் கீயை நாலைந்து முறை அழுத்தினாலே சில மெஷின்கள் விழித்துக்கொள்ளும்.

டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லையா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்தில் லாகின் கேட்டால் கெர்னல் நலம், டெஸ்க்டாப்தான் எழும்பவில்லை. அதுவும் வராவிட்டால் ரீஸ்டார்ட் செய்து, லோகோ மறையும்போது எஸ்கேப் கீயைத் தட்டுங்கள் (பழைய மெஷினில் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்). கிரப் மெனு வந்ததும் 'இ' கீயை அழுத்தினால் சில வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் பெரும்பாலும் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதையடுத்து ஓர் இடம் விட்டு 'நோமோட்செட்' (nomodeset) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரே சொல்லாக அடித்து, கன்ட்ரோல் எக்ஸ் கொடுங்கள். 'சிப்பை நீ தொடாதே, ஃபெர்ம்வேர் அமைத்ததை வைத்தே ஓட்டு' என்று கெர்னலுக்கு இடும் கட்டளை இது. படம் வந்துவிடும், கொஞ்சம் மந்தமாகவும் அளவு பொருந்தாமலும் இருக்கலாம்.

இந்தக் கட்டளை அந்த ஒருமுறைக்குத்தான். வந்த படத்தைப் பிடித்துக்கொண்டு அப்டேட்டையும் சரியான டிரைவரையும் போட்டுவிட வேண்டும். சிலர் இதையே நிரந்தரமாக எழுதிவைக்கிறார்கள். அப்படிச் செய்தால் வீடியோ ஓட்டும் பாரமெல்லாம் பிராசசர் தலையில் விழும். பல மெஷின்களில் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது.

என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்களில் தொல்லை இன்னும் அதிகம். அந்த நிறுவனம் தன் சிப்பின் விவரங்களை நீண்டகாலம் வெளியே விடவில்லை. சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்தே தன்னார்வலர்கள் 'நூவோ' டிரைவரை எழுதினார்கள். 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். நாகரிகமில்லைதான், கோபம் நியாயமானது. 2022 மே மாதம் அந்நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்டது. பழைய சிப்களுக்கு அதனால் பலனில்லை.

என்விடியாவின் டிரைவரைப் போடும்போது, கையொப்பமில்லாததைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் ஒரு பாஸ்வேர்டு உருவாக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டுப் பதிவுசெய்ய நீலத்திரை ஒன்று வரும். அதைக் கவனியாமல் தாண்டிவிட்டால், கையொப்பம் பதிவாகாத டிரைவரைக் கெர்னல் சேர்க்காது.

இவ்வளவும் பார்த்தும் திரை கறுப்பாகவே இருந்தால், விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள். கேட்கும்போது லேப்டாப் மாடல், கிராபிக்ஸ் சிப்பின் பெயர், எந்தக் கட்டத்தில் திரை இருண்டது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.